லைனிலேயே இருங்கள்

1997ஆம் வருடம், ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு ராத்திரி. மீமிசல் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா பஸ்ஸில் வந்து இறங்கி என் டெலிபோன் பூத்துக்கு வந்தார். முந்தானை முடிச்சில் பணம். கையில் ஏர்மெயில் கவரிலிருந்து கிழித்த ஒரு துண்டு. அதில் 00966 என்று தொடங்கும் நம்பர். மகன் சவூதிக்குப் போய்ப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. அவனுடைய அப்பா இறந்து அன்றைக்கு ஒன்பதாம் நாள். சேதி போய்ச் சேர்ந்துவிட்டது, அவனால்தான் வர முடியவில்லை.

நம்பரைப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு முறை எங்கேஜ், மூன்றாவது முறை ரிங் போனது. அவன் எடுத்ததும் என் மேஜையில் இருந்த மீட்டரில் சிவப்பு எண்கள் ஏறத் தொடங்கின. அந்த அம்மா ரிசீவரை இரண்டு கையாலும் காதோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தார். கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், வாய் அசையவே இல்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். அந்தக் காலத்தில் வளைகுடாவுக்கு ஒரு நிமிடம் பேசுகிற காசு, எங்கள் ஊரில் ஒரு பெண்ணின் ஒரு நாள் நடவுக் கூலிக்கு மேல். மனசு கேட்காமல் கண்ணாடியைத் தட்டினேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. நாலாவது நிமிடத்தின் முடிவில் ரிசீவரை மெதுவாக வைத்துவிட்டு வெளியே வந்தார். பிரிண்டர் பில்லைக் கக்கியது.

"தம்பி, நான் ஒண்ணுமே பேசலையே. அவனும் பேசல. பேசாததுக்கும் காசா?"

"லைன்ல ஆள் இருந்தா மீட்டர் ஓடும்மா. பேசினாலும் ஓடும், பேசாட்டியும் ஓடும்."

அவர் கொஞ்ச நேரம் பில்லையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப அவ்வளவு நேரமும் அவன் அங்கனதான் இருந்திருக்கான்" என்றார். முடிச்சை அவிழ்த்து, ஈரமான நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து என் மேஜையில் வைத்தார். நான் பாதிதான் எடுத்துக்கொள்வேன் என்று சொல்லியும் முழுப் பணத்தையும் வைத்துவிட்டுத்தான் போனார்.

பூத் நடத்திய பதினேழு வருடத்தில் எத்தனையோ பேர் வந்து பேசிவிட்டுப் போனார்கள். அந்த அம்மா பேசாமல் போனதுதான் என்னை விடவில்லை. கோயிலில் கண்ணை மூடி நிற்கிறபோதெல்லாம் அவர் கேட்டது நினைவுக்கு வரும். நாம் கூப்பிடுகிறோம், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அது கேட்டுக்கொண்டிருப்பவரின் மௌனமா, ஆளே இல்லாத லைனா? பக்தி செய்கிற எவரும் என்றைக்காவது ஒரு நாள் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். நான் நின்றிருக்கிறேன். எனக்குக் கிடைத்த வெளிச்சம் சாஸ்திரத்திலிருந்து பாதியும், நாலடிக்கு நாலடி கண்ணாடிக் கூண்டிலிருந்து பாதியும் வந்தது.

எனக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிப் போனது. பூத் ஒதுக்கும்போது மாற்றுத் திறனாளிகளுக்கும் கணவனை இழந்த பெண்களுக்கும் முன்னாள் ராணுவத்தினருக்கும் முன்னுரிமை கொடுத்த காலம் அது. அப்படித்தான் 1993இல் ஆவுடையார்கோயில் கடைவீதியில் எனக்கு ஒரு லைன் கிடைத்தது. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. என்று எழுதி மாட்டினேன். ஆசாரி ஒருவர் பிளைவுட்டும் கண்ணாடியும் வைத்துக் கூண்டு அடித்துக் கொடுத்தார். கதவைச் சாத்தினால் உள்ளே விளக்கு எரியும், குட்டி ஃபேன் சுற்றும். ஒரு ஸ்டூல், சுவரில் ஊர்களின் கோடு நம்பர்ப் பட்டியல், அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் வெளியூருக்குப் பேசுவது என்றால் தபாலாபீசில் டிரங்க் கால் புக் செய்துவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். ஆர்டினரி, அர்ஜெண்ட், லைட்னிங் என்று காசுக்குத் தகுந்த வேகம். குறிப்பிட்ட ஆள் வந்தால்தான் பேச்சு என்றால் பி.பி. கால். ஆபரேட்டர் இல்லாமல் நேராக வெளியூர் நம்பரைச் சுழற்றும் வசதி இந்தியாவில் 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையில் முதலில் வந்தது. அது எங்கள் பக்கத்துச் சின்ன ஊர்கள் வரை வந்து சேர ஒரு தலைமுறை ஆயிற்று. 1984இல் சி-டாட் நிறுவனம் தொடங்கி, சாம் பிட்ரோடாவும் நம் ஊர் இளம் பொறியாளர்களும் வெயிலையும் தூசியையும் தாங்குகிற, ஏ.சி. அறை கேட்காத கிராம எக்ஸ்சேஞ்சை உண்டாக்கினார்கள். 1986இல் கர்நாடகத்தின் கிட்டூரில் அதன் முதல் எக்ஸ்சேஞ்ச் வேலை செய்யத் தொடங்கியது. வீட்டுக்கு வீடு போன் கொடுக்க நாட்டிடம் வசதி இல்லை, தெருவுக்கு ஒரு போன் கொடுத்துவிடலாம் என்கிற யோசனையில்தான் மஞ்சள் பலகைகள் முளைத்தன.

காசு போட்டுப் பேசுகிற போன் பிறந்த கதையும் இதே மாதிரிதான். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரத்தில் 1889இல் வில்லியம் கிரே என்பவர் அதைக் கண்டுபிடித்தார். நோயில் கிடந்த மனைவிக்கு டாக்டரைக் கூப்பிட ஒரு போன் தேடி அலைந்தவருக்குக் கேட்ட இடத்தில் கொடுக்க மறுத்துவிட்டார்கள், அதிலிருந்துதான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது என்று சொல்வார்கள். தன்னிடம் போன் இல்லாத ஒருவருக்கு இன்னொருவரை உடனே எட்ட வேண்டியிருந்த தவிப்புதான் இதற்கு வித்து.

எங்கள் பக்கம் அந்தத் தவிப்புக்குக் குறைவே இல்லை. வானம் பார்த்த பூமி, கண்மாய் நிரம்பினால் ஒரு போகம். மீமிசல், கோட்டைப்பட்டினம், மணமேல்குடி, அறந்தாங்கி என்று எந்த ஊரை எடுத்தாலும் சிங்கப்பூர், மலேசியா, சவூதி, துபாய், குவைத் என்று போன பிள்ளைகள் இருப்பார்கள். வளைகுடாவில் அப்போது வெள்ளிக்கிழமை விடுமுறையாக இருந்தது, அன்றைக்குப் பூத்து வாசலில் பெஞ்சு நிரம்பும். இரவு ஏற ஏற எஸ்.டி.டி. கட்டணம் அரையாகி, பதினொரு மணிக்கு மேல் காலாகும் என்பதால் சென்னைக்குப் பேசுகிறவர்கள் தூக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு வருவார்கள். அங்கிருந்து பிள்ளைகள் என் நம்பருக்குக் கூப்பிட்டு, "அண்ணே, அம்மாவைக் கொஞ்சம் கூட்டியாரச் சொல்லுங்க, அரை மணி நேரத்துல திரும்ப அடிக்கிறேன்" என்பார்கள். சைக்கிளில் ஒரு பையனை அனுப்புவேன். அந்தத் தாய் அடுப்பை அணைத்துவிட்டு, முகம் கழுவி, சேலையைச் சரிசெய்துகொண்டு வந்து உட்காருவார். முகம் தெரியப் போவதில்லை, இருந்தாலும் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டுதான் வருவார்கள். இதை நான் ஒருவரிடம் மட்டும் பார்க்கவில்லை, பல பேரிடம் பார்த்தேன்.

1991-92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. பெண்கள் எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். நான் பூத் திறந்தபோது அவர்களில் சிலர் சைக்கிளிலேயே வந்து, "நீங்க போட வேணாம், நானே போடுறேன்" என்று ஒவ்வோர் எண்ணாக அழுத்துவார்கள். பதின்மூன்று எண்களையும் தப்பில்லாமல் அழுத்திவிட்டு மூச்சு விடுகிற முகத்தை எண்ணெய் விளக்கேற்றி முடித்தவரின் முகத்தோடுதான் ஒப்பிட முடியும்.

இப்போது கோயிலுக்கு வருகிறேன். ஆவுடையார்கோயிலைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் கல்லில் செய்த கொடுங்கைக் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அது பார்க்க வேண்டியதுதான், கல்லைக் கயிறாகவும் மரச் சட்டமாகவும் ஆணியாகவும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்து ஆச்சரியம் கருவறைதான். திருவாவடுதுறை ஆதீனத்தின் மேற்பார்வையில் இருக்கும் இந்தச் சிவன் கோயிலில் லிங்கம் இல்லை. ஆவுடை மட்டும் இருக்கிறது, அதன்மேல் இருக்க வேண்டிய பாணம் இல்லை. ஆத்மநாதர் என்று பெயர், உருவம் கிடையாது. நந்தி இல்லை, கொடிமரம் இல்லை. அம்பாள் யோகாம்பிகைக்கும் உருவம் இல்லை. கல் பலகணி வழியாகப் பார்த்தால் பீடத்தில் திருப்பாதங்கள் மட்டும் தெரியும். நிவேதனமும் அப்படியே. புழுங்கலரிசிச் சோற்றைச் சுடச்சுடக் கொண்டுவந்து படைகல்லில் கொட்டுவார்கள். அதிலிருந்து எழும் ஆவிதான் சாமிக்கு. கீரையும் பாகற்காயும் கூட உண்டு. வெண்மையான ஆவி இருட்டில் ஏறிப் போய் அந்த வெற்றுப் பீடத்தின் மேல் கலைவதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் நான்.

திருப்பெருந்துறை என்கிற பழைய பெயரில் இந்த ஊர்தான் மாணிக்கவாசகரைச் சிவன் ஆட்கொண்ட ஊர். பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொன்னோடு வந்த மந்திரி, குருந்த மரத்தடியில் குருவாக உட்கார்ந்திருந்த சிவனைக் கண்டார். குதிரைப் பணம் கோயில் பணமாயிற்று. பிறகு நரி பரியான கதை எல்லோருக்கும் தெரியும். நான் திரும்பத் திரும்ப நினைப்பது கதையின் நடுவில் வருகிற ஓர் இடத்தை. குரு மறைந்துவிடுகிறார். அடியார்களையெல்லாம் தன்னோடு அழைத்துக்கொண்டு போனவர் இவரை மட்டும் இங்கே இருக்கச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். திருவாசகத்தின் பெரும்பகுதி அதற்குப் பிறகு எழுந்த கூப்பாடு. ஒரு தடவை குரலைக் கேட்டவர், அந்தக் குரல் நின்றுபோன பிறகு ஊர் ஊராகப் போய்க் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கெஞ்சினார், கோபித்தார், என்னை விட்டுவிட்டாயா என்று கேட்டார். ரிசீவரை மட்டும் அவர் வைக்கவேயில்லை.

இந்த இடத்தில் எங்கள் லைன்மேன் ஒருநாள் சொன்னதைச் சொல்ல வேண்டும். ஒரு கோடையில் மூன்று நாள் கரண்ட் இல்லை. பூத்தில் ஃபேன் ஓடவில்லை, விளக்கு எரியவில்லை. ஆனால் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் வந்தது. நான் ஆச்சரியப்பட்டுக் கேட்டபோது அவர் கம்பத்திலிருந்து இறங்கி வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இந்தப் போனுக்குள்ள பேட்டரியா இருக்கு? ஒண்ணும் கிடையாது. கரண்ட் எக்ஸ்சேஞ்சிலேருந்து இதே கம்பி வழியா வருது, 48 வோல்ட். உங்க மீட்டருக்கும் பிரிண்டருக்கும்தான் உங்க கரண்ட் வேணும். கணக்குப் பாக்கத்தான் நம்ம கரண்ட், பேசுறதுக்கு அங்கேயிருந்து வர்ற கரண்ட்."

இன்னொன்றும் சொன்னார். நாம் அடிக்கிற நம்பரை எதிர்முனையில் யாராவது எடுத்த அந்த நொடியில், எக்ஸ்சேஞ்ச் நம் கம்பியில் மின்சாரத்தின் திசையை மாற்றிவிடும். காதுக்கு எதுவும் தெரியாது. அந்தத் திசை மாற்றத்தைக் கண்டுகொண்டுதான் பூத் மீட்டர் ஓட ஆரம்பிக்கும்.

எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. அவனை வணங்குவதற்கும் அவன் அருள் வேண்டும் என்று சைவம் சொல்கிறது. எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், அது ஒரு பணிவான பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன். நாம்தான் கூப்பிடுகிறோம், நம் பலத்தில்தான் கூப்பிடுகிறோம், கேட்பதும் கேட்காததும் அவர் இஷ்டம் என்றே பிரார்த்தனையைப் பற்றி என் மனசுக்குள் ஒரு கணக்கு இருந்தது. நான் பேசுவதற்கு முன்பே, ரிசீவரைக் கையில் எடுப்பதற்கு முன்பே, அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று என் வரைக்கும் வந்து காத்துக்கொண்டிருக்கிறது என்று நான் யோசித்ததில்லை. கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறதே, அந்தத் தவிப்புதான் அங்கிருந்து வந்த முதல் சேதி. சித்தாந்தம் படித்த பெரியவர்கள் இதை வேறு சொற்களில் சொல்வார்கள். எனக்கு லைன்மேன் சொன்னபோதுதான் புரிந்தது.

என் பூத்துக்குப் பக்கத்திலேயே இதை ஒத்துக்கொள்ளாத ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார், பெரியார் தொண்டர். தினமும் சாயங்காலம் பேப்பர் படிக்க என் பெஞ்சுக்கு வருவார். 48 வோல்ட் கதையைச் சொன்னேன். "எக்ஸ்சேஞ்சில பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்துறது யாரு தம்பி? ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்துற ஆளு. எல்லாம் மனுசன் போட்ட கரண்டுதான்" என்றார். அந்த ஆள் மூலமாகத்தான் வருகிறது என்றேன். அவர் சிரித்துவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

அவருடைய பெரிய கேள்வி பிறகு வந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கடல் உள்ளே வந்துவிட்டது என்று சேதி பரவியது. எங்கள் கடற்கரைக்கு முன்னால் இலங்கை மறைத்து நின்றதால் சேதம் குறைவு, நாகப்பட்டினம் மாவட்டத்திலோ 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அன்று மதியத்திலிருந்து என் பூத்தில் கூட்டம் தாங்கவில்லை. ஒரு பெண் நாகப்பட்டினத்தில் கடலோரம் வீடு கட்டியிருந்த தன் அண்ணன் நம்பருக்கு விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். "ரிங் போகுது, ரிங் போகுது" என்று ஒவ்வொரு தடவையும் வெளியே நின்ற தன் அம்மாவிடம் சொன்னார். அந்த ரிங்கைப் பிடித்துக்கொண்டுதான் இருவரும் நின்றார்கள்.

ராத்திரி கூட்டம் கலைந்த பிறகு வாத்தியார் மெதுவாகக் கேட்டார். "தம்பி, நம்ம காதுல விழுற அந்த ரிங், அந்த வீட்டு மணிச் சத்தமா?"

"இல்லை சார். எக்ஸ்சேஞ்ச் போடுற சத்தம்."

"அங்க வீடே இல்லாமப் போயிருந்தாலும்?"

"கம்பி அறுந்து கிடந்தாலும் இங்க ரிங் கேட்கும்."

"சாமி விஷயத்துல எனக்கு இருக்கிற கேள்வி அவ்வளவுதான்" என்றார். குரலில் ஜெயித்த தொனி இல்லை. அவருக்கும் நாகப்பட்டினத்தில் பழைய மாணவர்கள் இருந்தார்கள்.

இருபது வருடம் கழித்தும் அந்தக் கேள்விக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. பிரார்த்தனையில் மனசுக்குக் கிடைக்கிற ஆறுதல் நம் பக்கத்து எக்ஸ்சேஞ்ச் போடுகிற சத்தமாக மட்டுமே இருக்கலாம். ஆறுதல் கிடைத்தது என்பதை வைத்துக் கடவுள் இருக்கிறார் என்று சாதிக்கிறவர்கள் இந்த ரிங்கை நினைத்துப் பார்க்க வேண்டும். மூன்றாம் நாள் அந்த அண்ணனே திருவாரூரில் ஒரு பூத்திலிருந்து என் நம்பருக்குக் கூப்பிட்டார். குடும்பத்தோடு தப்பி உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார். அதை நான் சாட்சியாகக் கொண்டுவரவில்லை. அதே பெஞ்சில் உட்கார்ந்து அடித்த வேறு மூன்று பேருக்கு எந்த நம்பரிலிருந்தும் எவரும் திரும்பக் கூப்பிடவில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மீமிசல் அம்மா அந்த நாலு நிமிடமும் ஆதாரம் தேடி நிற்கவில்லை. மகன் இருக்கிறானா என்று சோதிக்க அவர் பஸ் ஏறி வரவில்லை. துக்கத்தை அவனோடு சேர்ந்து இருந்து கழிக்க வந்தார். பிரார்த்தனையும் பெரும்பாலும் அந்த வகைதான் என்று நினைக்கிறேன். கேட்டது கிடைத்ததா என்பது மீட்டர் பக்கத்துக் கணக்கு. மாணிக்கவாசகரே ஒரு பதிகத்தில் திருப்பெருந்துறைச் சிவனை விளித்து, உன்னைக் கொடுத்து என்னை எடுத்துக்கொண்டாயே, இந்த வியாபாரத்தில் கெட்டிக்காரர் யார் என்று கேட்கிறார். கணக்குப் பார்க்கத் தொடங்கி, கணக்கு ஒரு பக்கமாகவே சாய்ந்துபோய்த் திகைத்து நிற்கிற குரல் அது.

ஜப்பானில் ஓட்சுச்சி என்கிற கடலோர ஊரில் இதாரு சசாக்கி என்பவர், புற்றுநோயில் இறந்துபோன தன் உறவினரின் நினைவாக, 2010இல் தன் தோட்டத்தில் வெள்ளை நிறப் போன் கூண்டு ஒன்றை வைத்தார். உள்ளே கறுப்பு டயல் போன். அதன் கம்பி எதனோடும் இணைக்கப்படவில்லை. மறு வருடம் மார்ச் 11 அன்று சுனாமி வந்து அந்த ஊரில் பத்தில் ஒருவரைக் கொண்டுபோயிற்று. அதன் பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே போய் ரிசீவரை எடுத்து, இறந்தவர்களிடம் பேசிவிட்டு வருகிறார்கள். காற்றுத் தொலைபேசி என்று அதற்குப் பெயர். வாத்தியாரிடம் சொன்னேன். "அந்த மனுசன் நல்ல காரியம் பண்ணியிருக்கார்" என்றார். லைன் இல்லாத போனை அவர் குறை சொல்லவில்லை. எங்கள் கருவறையிலும் அப்படி ஓர் இடத்தைக் காலியாக வைத்துத்தான் காத்துவருகிறார்கள் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

பூத்துகள் போனது ஒரே நாளில் நடக்கவில்லை. 1995 ஜூலை 31 அன்று இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு நடந்தபோது எங்களுக்கு அது பேப்பர்ச் செய்தி. 2003இல் செல்போனுக்கு வருகிற அழைப்புக்குக் காசில்லை என்றானது. மிஸ்டு கால் பிறந்தது. பெட்டிக்கடைகளில் ஒரு ரூபாய் காயின் பாக்ஸ் தொங்கியது. 2006 மார்ச்சில் பி.எஸ்.என்.எல். இந்தியா முழுக்க ஒரு நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்கிற கட்டணத்தைக் கொண்டுவந்தது. அன்றைக்கு எஸ்.டி.டி. என்கிற மூன்று எழுத்துக்கே அர்த்தம் போய்விட்டது. தூரத்துக்குத் தனி விலை இல்லை என்றான பிறகு தூரத்தை விற்கிற கடை எதற்கு? 2010 தை மாதம் லைனை ஒப்படைத்தேன். 2013 ஜூலையில் தந்தியும் நின்றது. நியூயார்க் நகரம் தன் கடைசிப் பொதுத் தொலைபேசியை 2022 மே 23 அன்று டைம்ஸ் சதுக்கத்துப் பக்கத்திலிருந்து பெயர்த்து எடுத்தது என்று படித்தேன்.

செல்போனை நான் குறை சொல்ல மாட்டேன். மீமிசல் அம்மாவுக்கு அன்று அது இருந்திருந்தால் மகன் முகத்தைப் பார்த்திருப்பார். கூலிப் பணம் முந்தானையிலேயே இருந்திருக்கும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். செல்போனில் நாம் பேசாமல் இருந்தால், நம் பக்கத்துச் சத்தத்தை அனுப்புவதையே அது நிறுத்திவிடும், பேட்டரி மிச்சம் பிடிப்பதற்காக. எதிர்முனையில் இருப்பவருக்கு முழு நிசப்தமானால் கட்டாகிவிட்டது என்று நினைப்பார், ஆகவே அவர் கையிலிருக்கிற போன் தானாக ஒரு மெல்லிய இரைச்சலை உண்டாக்கிக் காட்டும். பழைய கம்பியில் அப்படி இல்லை. பேசாத நேரத்திலும் அந்த அறையின் ஃபேன் சத்தம், தெருவில் போகிற வண்டி, ஆளின் மூச்சு, எல்லாம் வந்துகொண்டிருக்கும். அந்த அம்மா நாலு நிமிடமும் கேட்டது தன் மகன் மூச்சு விடுகிற சத்தத்தை. இப்போது ஐந்து நொடி மௌனம் என்றால் "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்று கத்துகிறோம். மௌனத்தைக் கேட்கிற பழக்கம் காதிலிருந்து போய்விட்டால் கோயிலில் மட்டும் அது எப்படி வரும் என்பது என் கவலை.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறி எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. கம்பங்கள் வரிசையாக முறிந்து கிடந்தன. டவர்கள் நின்றுபோயின. முதல் நாளே எல்லோர் கையிலும் இருந்த போன்களில் சார்ஜ் தீர்ந்தது. ஜெனரேட்டர் வைத்திருந்த இடங்களில் காசு கொடுத்துச் சார்ஜ் ஏற்றினாலும் சிக்னல் இல்லை. இரண்டாம் நாள் காலையில் என் வீட்டு வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். நான் இப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பழைய கூண்டுக்குள் பேப்பர்க் கட்டுகளை அடுக்கியிருக்கிறேன். மஞ்சள் பலகை மட்டும் கழற்றப்படாமல் சாயம் போய்த் தொங்குகிறது.

"அண்ணே, பழைய லைன் இருக்கா? துபாய்ல மகன் பதறிக்கிட்டு இருப்பான்."

லைனை ஒப்படைத்து எட்டு வருடம் ஆகிவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை. உள்ளே போய் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வந்தேன். பெயர், ஊர், கூப்பிட வேண்டிய நம்பர், சொல்ல வேண்டிய ஒரு வரி. நம்பர்களை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் குறைவு. டைரியைத் தேடி, ரேஷன் கார்டு உறையைத் தேடி, சுவரில் கரியால் எழுதியிருந்ததைப் பார்த்து எழுதிக் கொண்டுவந்தார்கள். மதியத்துக்குள் நாற்பத்தேழு நம்பர் சேர்ந்துவிட்டது. எல்லோரும் எழுதச் சொன்ன வரி கிட்டத்தட்ட ஒன்றுதான்: நல்லா இருக்கோம்.

நோட்டை யார் கொண்டுபோவது? வாத்தியாருக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. மகனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, விழுந்த மரங்களைச் சுற்றிச் சுற்றி, புதுக்கோட்டையையும் கீரனூரையும் தாண்டித் திருச்சிப் பக்கம் சிக்னல் வருகிற இடம் வரை போனார். ரோட்டோரத்தில் நின்றுகொண்டே ஒவ்வொரு நம்பராக அடித்திருக்கிறார். ராத்திரி ஒன்பது மணிக்கு, சேறு அப்பிய வேட்டியோடு வந்து, நோட்டை என் மேஜையில் வைத்தார். எடுத்தவர்களின் பெயர்களுக்கு எதிரே பரீட்சைப் பேப்பர் திருத்துவதைப் போலச் சிவப்பு மையில் டிக். சில இடங்களில் அவர்கள் திருப்பிச் சொன்னதையும் எழுதியிருந்தார்: அழுதான். பணம் அனுப்புறானாம். கூரையைப் பாக்கச் சொன்னாள்.

எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொன்பது டிக்.

"மீதி எட்டு, சார்?"

"ரிங் போகுது, எடுக்கல."

பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். அரிக்கேன் வெளிச்சத்தில் நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேருமே அந்த டிசம்பர் ராத்திரியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன். அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"நோட்டை எடுத்து உள்ள வச்சிராதீங்க தம்பி. காலையில ஆறு மணிக்குக் கிளம்புறேன். அந்த எட்டுக்கும் திரும்ப அடிச்சுப் பாக்கணும்."